யாரு வேண்டிக்கிட்டாங்களோ அவங்க செய்யட்டும்

ஆச்சிக்கு வணக்கம்,

எனக்கு 43 வயசு, காரைக்குடிப் பக்கம்தான். மார்புல கட்டி வந்து ஆபரேஷன் முடிஞ்சு இப்ப கீமோ ஓடுது, மூணு ஆச்சு, இன்னும் மூணு இருக்கு. உடம்பு நோவைவிட சொந்தக்காரங்க சொல்றதுதான் தாங்கல. அயித்தை கந்த சஷ்டி கவசத்தைத் தினம் 36 தடவை படிக்கச் சொல்றாங்க, மாமியார் செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கச் சொல்றாங்க, பெரியம்மா, நானே வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நடந்து வருவேன்னு என் பேர்ல வேண்டிக்கிட்டாங்க. முடியாம படுத்துட்டா, நமக்கு பக்தி போதாமத்தான் இது வந்துச்சோன்னு நடுராத்திரில அழுகை வருது. சாமியை விட்டுட்டு இருக்கவும் முடியல. பிள்ளையார் நோன்பு வேற வருது, வாயெல்லாம் புண்ணு, இழை எடுக்கலாமா? உங்க அப்பச்சி (அப்பா) டயாலிசிஸ்ல இருந்தப்ப என்ன செஞ்சாங்கன்னு எழுதுங்க.

கீ.

அன்புத் தங்கச்சிக்கு,

முதல்ல அந்த நடுராத்திரி அழுகைக்கு. பக்தி போதாம வந்த நோய் இல்லம்மா இது. மூணு வேளை பூஜை செய்யற குருக்களுக்கும் வருது, கோயில் வாசலே மிதிக்காதவங்களுக்கும் வருது. உங்ககிட்ட யாராச்சும் இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தா அவங்க செஞ்சது தப்பு, அன்பா சொன்னாலும் தப்புதான்.

இழை எடுக்க வேண்டாம். திருக்கார்த்திகையிலேர்ந்து 21 நாள் எண்ணி, புதுத்துணி நூல்ல 21 இழை சேத்துத் திரிச்சு, மாவுல வச்சு ஏத்தி, எரியறப்பவே வாயில போட்டுக்கறது சும்மா இருக்கவங்களுக்கே கண்ணுல தண்ணி வரும், கீமோ புண்ணு வாயில அதை எப்படித் தாங்குவீங்க. எங்க வீட்ல படுக்கையில கிடக்கறவங்களுக்கும் மலேசியா சிங்கப்பூர்ல இருக்கவங்களுக்கும் சேத்து வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் எடுத்துக்குவாங்க, பேரைச் சொல்லி எடுப்பாங்க, அவ்வளவுதான். உங்க பேரையும் சொல்லச் சொல்லுங்க.

இந்த வேண்டுதல் விஷயத்துல நம்ம வழக்கத்துலயே தவணை இருக்கு தங்கச்சி, அதை ஏன் எல்லாரும் மறந்துட்டாங்கன்னு எனக்குத் தெரியல. இப்ப முடியாதுன்னா மஞ்சத்துணியில ஒத்த ரூபாய முடிஞ்சு சாமி அறையில வைக்கறதுதானே நம்ம ஆயா அப்பத்தா எல்லாம் செஞ்சது? முடிஞ்சு வச்சாச்சுன்னா சாமி காத்திருக்கும், உடம்பு தேறி எத்தனை வருஷம் கழிச்சுப் போனாலும் அது குறை இல்ல. சித்திரையில நம்மாளுங்க வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நடந்து போறப்ப வேண்டிக்கிட்ட பெரியம்மாவே உங்களுக்காக நடக்கட்டும். அயித்தை 36 தடவை படிக்கட்டும், கேட்டுக்கிட்டே தூங்குங்க. விரதம் மட்டும் வேணவே வேணாம், கீமோ நேரத்துல சாப்பாடு இறங்கறதே பெரும்பாடு, இறங்கற அன்னைக்குச் சாப்பிடறதுதான் மருந்து.

அப்பச்சி கதைக்கு வர்றேன். குன்றக்குடியிலேர்ந்து பழனிக்குத் தைப்பூசத்துக்கு வருஷம் தவறாம நடந்தவங்க அவங்க. கிட்னி போனதும் வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷின்ல படுக்கணும், மெஷின் ஊசி குத்தறதுக்குன்னு ரத்தக் குழாயைச் சேத்து வச்ச (பிஸ்டுலா) கையை அசைக்கக்கூடாது. முதல் ரெண்டு மாசம் சுவத்துக் கடியாரத்தையே பாத்துக்கிட்டு கிடந்தாங்க. அப்புறம் ஒருநாள் கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு கையால பெட்ஷீட் ஓரத்தை நீவிக்கிட்டே இருந்தாங்க, தூக்கம்னு நெனச்சேன், கிட்டப் போனா உதடு அசையுது, என்ன அப்பச்சின்னு கேட்டா "சிங்கம்புணரி தாண்டியாச்சு, பேசாத"ன்னாங்க. மனசுக்குள்ள நடந்திருக்காங்க! எந்த இடத்துல புளியமரம், எங்க காவடிய இறக்கி வைப்பாங்க, எந்த வீட்ல மோர் குடுப்பாங்க எல்லாம் வரிசையா. ஒரு டயாலிசிஸுக்கு ஒரு நாள் நடைன்னு கணக்கு, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம்னு போயி பழனி ஏறி சாமி பாக்க ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும், மறுபடி குன்றக்குடியிலேர்ந்து கெளம்பிருவாங்க. நடுவுல பிரஷர் எறங்கி ஆளை உலுக்கிட்டா, "இன்னைக்கு நடை பாதியில நிக்குது, அடுத்த தடவை இங்கேர்ந்து"ம்பாங்க. கிரியாட்டினின்னு ரத்தத்துல கழிவைப் பாக்கற அளவெல்லாம் அதே நம்பர்தான், மெஷினும் நிக்கல. ஆனா அந்த நாலு மணி நேரம் அவங்களோடதா ஆயிருச்சு. பழனியிலேர்ந்து யாராச்சும் பஞ்சாமிர்தம் கொண்டாந்தா கண்ணுல ஒத்திக்கிட்டு அப்படியே எங்கிட்ட குடுத்துருவாங்க, வாழைப்பழமும் பேரீச்சையும் பொட்டாசியத்தை ஏத்தி விட்டுரும்னு டாக்டர் சொன்னதை சாமி சொன்னதா எடுத்துக்கிட்டாங்க.

உங்களுக்கு நடந்த வழி வேற எதுவோ இருக்கும். பொறந்த வீடா இருந்தா முகப்புலேர்ந்து பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டுன்னு ஒவ்வொரு தூணா தொட்டுக்கிட்டு சாமி அறை வரைக்கும் போய் விளக்கேத்திட்டு வரலாம், டிரிப் ஏறி முடியறதுக்குள்ள ஒரு சுத்து வந்துரும். கவசம் படிக்கணும்னு மனசு கேட்டா ஒரே தடவை, மெதுவா. உறுப்பு உறுப்பா பேர் சொல்லிக் காக்கச் சொல்ற பாட்டு அது, வரி வர வர அந்த இடத்துல கைய வைங்க, ஆபரேஷன் பண்ண இடத்துலயும்தான். அந்தப் பக்கம் கண்ணாடியில பாக்கவே பிடிக்கலன்னு பல பேர் எங்கிட்ட சொல்லியிருக்காங்க, கையாவது போகட்டும்.

ரெண்டு விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. கீமோ போட்டு ஏழு நாள்லேர்ந்து பதினாலு நாள் வரைக்கும் ரத்தத்துல வெள்ளை அணு ரொம்ப எறங்கிரும், அந்த வாரம் கோயில் கூட்டம், தீர்த்தம், திறந்து கிடந்த பிரசாதம் எதுவும் வேணாம், வாசல்ல நின்னு கும்பிட்டா போதும். ஜுரம் 100.4 தாண்டுச்சுன்னா திருநீறு பூசிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடுக்கச் சொல்லணும், விடியட்டும்னு காத்திருக்கக்கூடாது.

நாலாவது கீமோ முடிஞ்சதும் எந்த வாசல்லேர்ந்து நடக்க ஆரம்பிச்சீங்க, எதுவரைக்கும் போனீங்கன்னு எனக்கு எழுதணும். காத்திருப்பேன்.

ஆச்சி