முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தடுப்பூசி போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. முட்டை சாப்பிட்டால் உடல் முழுவதும் தடிப்பு வருகிறது. ஒருமுறை மூச்சிரைப்பும் வந்தது. பெனிசிலின் மருந்து கொடுத்தபோதும் தோலில் சிவந்த புள்ளிகள் தோன்றின. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியின் முதல் தவணை அவனுக்குத் தொல்லையின்றி முடிந்தது. இப்போது இரண்டாம் தவணைக்கும் இன்ஃபுளூயன்சா தடுப்பூசிக்கும் அழைத்துச் சென்றால், ‘அலர்ஜி உள்ள குழந்தை’ என்று இருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். தடுப்பூசிப் பொருள்களுக்கான இரத்தப் பரிசோதனைத் தொகுப்பு ஒன்றைச் செய்துவரும்படி ஒருவர் வற்புறுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இரண்டு தடுப்பூசிகளையும் உங்கள் மகனுக்குப் போடலாம், அந்தப் பரிசோதனைத் தொகுப்பு தேவையில்லை.

இன்ஃபுளூயன்சா தடுப்பூசிகளில் பெரும்பாலானவை கோழிமுட்டையில் வளர்க்கப்பட்ட வைரஸிலிருந்து தயாராவது உண்மைதான். ஆனால் சுத்திகரிப்புக்குப் பின் ஒரு தவணையில் எஞ்சும் முட்டைப் புரதம் வழக்கமாக ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. கடுமையான முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அந்த அளவு எதிர்வினையை உண்டாக்குவதில்லை என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. அமெரிக்க வழிகாட்டுதல் 2023-இலிருந்து முட்டை ஒவ்வாமைக்கென்று தனி முன்னெச்சரிக்கை எதையுமே கேட்பதில்லை. தட்டம்மைத் தடுப்பூசியின் வைரஸ் வளர்வது முட்டையில் அன்று, கோழிக்கருவின் செல்களில். அதில் முட்டைப் புரதம் பொருட்படுத்தத் தக்க அளவில் இருப்பதில்லை. முதல் தவணையை உங்கள் மகன் தாங்கிக்கொண்டிருக்கிறான் என்பதைக் காட்டிலும் நம்பகமான சோதனை முடிவை எந்த ஆய்வகமும் உங்களுக்குத் தரப்போவதில்லை.

பெனிசிலின் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். வழக்கமான தடுப்பூசிகளில் பெனிசிலின் கிடையாது. சிலவற்றில் இருப்பது நியோமைசின் போன்ற வேறு நுண்ணுயிர்க்கொல்லிகளின் சிறு எச்சம் மட்டுமே.

இவ்வளவு தெளிவான விஷயத்துக்கு இருமுறை திருப்பி அனுப்பியதற்குக் காரணம், படிவத்தில் ‘ஒவ்வாமை உண்டா?’ என்று ஒரே ஒரு கட்டம் இருப்பதுதான். எதற்கு ஒவ்வாமை, எவ்வளவு நேரத்தில் வந்தது, மூச்சைத் தொட்டதா என்று கேட்க அந்தக் கட்டத்தில் இடமில்லை. ‘ஆம்’ என்று குறித்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டால் அனுப்பியவருக்கு ஒரு பொறுப்பும் இல்லை. பின்னால் குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் அதற்கு யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

பரிசோதனைத் தொகுப்பு விற்பவர்கள் இந்த இடைவெளியில்தான் நுழைகிறார்கள். நூறு பொருள்களைச் சிவப்பிலும் பச்சையிலும் வரிசைப்படுத்திய அறிக்கைகளைப் பெற்றோர்கள் என்னிடம் கொண்டுவருகிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவை ஐஜிஜி என்னும் எதிர்ப்புப் புரதத்தை அளப்பவை. ஒரு பொருளை உடல் முன்பே சந்தித்திருக்கிறது என்பதைத் தவிர அந்த எண் ஒவ்வாமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பரிந்துரைத்தவருக்குத் தரகு போகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பதிலைவிடப் பதில் சொல்ல ஆகும் நேரம் அதிகம் சொல்லும். பயனுள்ள சோதனை உண்டு. ஆனால் அது, முன்பு ஒரு தடுப்பூசி போட்ட உடனே கடுமையான எதிர்வினை வந்தவர்களுக்கு, குறிப்பிட்ட பொருளைச் சந்தேகித்து ஒவ்வாமை மருத்துவர் செய்வது. அப்படிப்பட்டவர்களிடம் முட்டையைவிட, தடுப்பூசி கெடாமலிருக்கச் சேர்க்கும் ஜெலட்டின் என்ற விலங்குப் புரதமே பல நேரம் குற்றவாளியாக இருந்திருக்கிறது.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட மனமில்லை. கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி கோழிக்கருவிலேயே வளர்க்கப்படுவது. அதில் முட்டைப் புரதம் மற்றவற்றைவிட அதிகமாக எஞ்சலாம். அந்நோய் பரவும் நாடுகளுக்குச் செல்ல வேண்டி வந்தால், உங்கள் மகனை முதலில் ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தடுப்பூசியையே கொண்டு தோல் சோதனை செய்து, தேவையானால் சிறு சிறு அளவுகளாகப் பிரித்துப் போடுவார். போடவே கூடாது என்று முடிவானால் மருத்துவ விலக்குக் கடிதம் எழுதித் தரும் முறை சர்வதேச விதிகளிலேயே இருக்கிறது. அதை ஏற்பதும் மறுப்பதும் போகும் நாட்டின் விருப்பம். பயணத்துக்குக் காட்ட வேண்டிய தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்ட 10 நாள்களுக்குப் பிறகே செல்லுபடியாகும் என்பதால் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ள முடியாது. அப்படித் தள்ளியவர்களிடம்தான் பயண முகவர்கள் ‘ஊசி வேண்டாம், அட்டை மட்டும் வாங்கித் தருகிறேன்’ என்கிறார்கள். அந்த அட்டை விமான நிலையத்தைக் கடக்க உதவலாம். கொசு அட்டையைப் பார்ப்பதில்லை.

இனி, ஊசி போடும் நாள். மூச்சிரைப்பு இருக்கும் நாளில் போக வேண்டாம், அது அடங்கட்டும். ‘அலர்ஜி’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எதைச் சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் என்ன நேர்ந்தது என்று எழுதிக் கொண்டுபோங்கள். அட்ரினலின் கைவசம் இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஒவ்வாமை மாத்திரை அரிப்பைக் குறைக்கும். அடைபடும் மூச்சையும் சரியும் இரத்த அழுத்தத்தையும் மீட்பது தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் மட்டுமே. ‘பாதுகாப்புக்கு’ என்று முன்கூட்டியே மாத்திரை கொடுத்துவிட்டு வருவதும் வேண்டாம், அது தொடக்க அறிகுறிகளை மறைத்துவிடக்கூடும். ஊசிக்குப் பின் எல்லோரையும் 15 நிமிடம் உட்காரச் சொல்வார்கள். முன்பு மூச்சிரைப்பு வந்த குழந்தை என்பதால் நீங்கள் 30 நிமிடம் இருங்கள். தடுப்பூசியால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வருவது பத்து லட்சம் தவணைகளுக்கு ஏறத்தாழ ஒன்று என்ற அளவில்தான். வந்தாலும் பெரும்பாலும் அந்த அரைமணிக்குள் தலைகாட்டிவிடும். மறுநாள் கையில் வரும் வீக்கமும் காய்ச்சலும் ஒவ்வாமை அல்ல.

புறப்படும் முன் தடுப்பூசியின் பெயரையும் தொகுதி எண்ணையும் அட்டையில் எழுதி வாங்குங்கள். பல அட்டைகளில் தேதியும் கிறுக்கலான கையொப்பமும் மட்டுமே இருக்கின்றன. ஏதேனும் நேர்ந்தால் எந்தப் பொருளைச் சந்தேகிப்பது என்று எங்களுக்கே தெரியாமல் போவது அதனால்தான்.