14 நாள் பேக்கப்பும் ஐந்து மாதக் கடனும்

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு விவசாயிகள் சங்கத்தில் கணக்கெழுதுகிறேன். கணக்கு மென்பொருள், உறுப்பினர் கடன் விவரம், ஸ்கான் செய்த பத்திரங்கள் எல்லாம் ஒரே விண்டோஸ் சேர்வரில் இருக்கின்றன. காலபோக நெற்செய்கைக்கென ஐப்பசியில் கொடுத்த கடன்களில் சிலவற்றின் தொகை மாறிக் கிடப்பது, பங்குனியில் அறவிடப் போனபோதுதான் தெரிந்தது. பேக்கப்பைத் திறந்தால் கடைசி 14 நாள் மட்டுமே இருக்கிறது. எல்லையில்லாமல் வைத்திருக்கும் மென்பொருள் ஒன்றை ஆண்டுச் சந்தாவுக்குத் தருகிறேன் என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் மென்பொருள் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. சேர்வரைப் பொருத்த வந்தவர் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அமத்திக்கொண்டு போயிருப்பார். 14 என்ற எண் அப்படியே நின்றுவிட்டது. ஒருவரும் உங்களிடம் எவ்வளவு காலம் வேண்டும் என்று கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது வருகிறவரும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? எல்லையில்லை என்று சொல்லிவிட்டால் கேட்கத் தேவையில்லை பாருங்கள்.

பழைய பிரதிகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை ஒன்றே ஒன்றை வைத்து முடிவுசெய்யுங்கள்: பிழை நடந்த நாளுக்கும் அது கண்ணில் படும் நாளுக்கும் இடையில் எவ்வளவு காலம்? கொழும்பில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அன்று மாலை காசு எண்ணும்போதே பிடிபட்டுவிடும். வன்னியில் நெல்லை நம்பிக் கடன் கொடுப்பவர்களுக்கு அப்படியா? விதைப்புக்குக் கொடுத்த காசு, மாசி பங்குனியில் அறுவடை முடிந்து நெல் விலைபோன பிறகுதான் திரும்பி வரும். அதுவரை அந்த உறுப்பினரின் பேரேட்டை யாரும் புரட்டுவதில்லை. அதற்குப் பிறகு கணக்காய்வு. அவர்கள் எப்போது வருவார்கள், எந்த ஆண்டுக் கணக்கைக் கேட்பார்கள் என்பதெல்லாம் அவர்கள் சித்தம். ஆகவே ஐந்து மாதம் உங்களுக்கு ஆகக் குறைந்த அளவு.

அதற்காக 365 நாளுக்கும் நாளுக்கொரு பிரதி தேவையில்லை. கிட்டத்தில் நெருக்கமாகவும், தூரத்தில் ஐதாகவும் வைக்க வேண்டும். உங்கள் சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுப்பதென்றால் நாளாந்தப் பிரதி 14, வாராந்தம் 8, மாதாந்தம் 18, ஆண்டுக்கொன்றாக 6. மாதாந்தம் 18 என்பது ஒரு காலபோகம், ஒரு சிறுபோகம், அதற்கு மேல் கணக்காய்வின் தாமதம் எல்லாவற்றையும் சேர்த்து. ஆண்டுப் பிரதி 6 ஏனென்றால், 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் பதிவேடுகளை ஐந்தாண்டு வைத்திருக்கச் சொல்கிறது. ஒரு ஆண்டு கூடுதலாக இருந்தால் நட்டமில்லை.

மென்பொருள் தானாக எடுத்துவைக்கும் ஆண்டுப் பிரதி பெரும்பாலும் டிசம்பர் கடைசியில் எடுத்ததாக இருக்கும். உங்கள் கணக்கு மார்ச் 31இல் முடிகிறதென்றால் அந்தப் பிரதியை வைத்து ஒரு கணக்கையும் ஒப்புவிக்க முடியாது. கணக்கு முடித்த அன்று கையால் ஒரு பிரதி எடுத்து, 'அழிக்காதே' என்று குறித்து வையுங்கள். சில மென்பொருளில் ஆண்டுப் பிரதிக்கு எந்த மாதம் என்று தெரிவுசெய்யலாம். சிலவற்றில் குறிப்புச் சொல் போட்டு வைத்தால் துடைக்கும்போது அதைத் தொடாது.

எல்லாம் சேர்த்து 46 பிரதி. உங்கள் தரவு 60 ஜி.பி. என்றால் 46ஆல் பெருக்கிப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். விற்பனையாளர் அப்படித்தான் பெருக்கிக் காட்டி எட்டு டெராபைட் பெட்டியை உங்கள் தலையில் கட்டுவார். முதல் பிரதிதான் முழுசு. அதன் பிறகு மாறியது மட்டும் சேரும். ஸ்கான் செய்து வைத்த காணி உறுதி நாளுக்கு நாள் மாறுவதில்லை. உங்களுக்கு இரண்டு டெராபைட் தாராளம்.

சரி, எந்த மென்பொருள்? விண்டோஸ் சேர்வரோடு வரும் பேக்கப்பை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். நெட்வொர்க் ஃபோல்டருக்கு அனுப்பினால் அது கடைசிப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு பழையதன் மேலேயே எழுதிவிடும். டிஸ்க்குக்கு எழுதினால் இடம் நிரம்பும்போது பழையதைத் தானே தள்ளும். எதைத் தள்ளுவது என்று உங்களைக் கேட்காது. டூப்ளிகாட்டி இலவசம், பிரௌசரில் திறக்கும், உங்களைப் போன்றவர்களே கையாளலாம். அதன் 'ஸ்மார்ட்' தெரிவு கடைசி 7 நாள், 4 வாரம், 12 மாதம் என்று வைக்கும். ஆண்டுப் பிரதி அதில் இல்லாதபடியால் தனித் தெரிவுக்குள் போய் எண்களை நீங்களே கொடுக்க வேண்டும். வீம் கம்யூனிட்டி எடிஷனும் 10 சேர்வர் வரை இலவசம். வாரம், மாதம், ஆண்டு என்று பிரித்து வைக்கும் வசதி அதில் நேர்த்தியானது, ஆனால் நிறுவுவதற்கு ஆள் வேண்டும். ரெஸ்டிக் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். எதைப் போட்டாலும், கணக்கு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் தரவைச் சரியாகப் பிரதி எடுக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் கோப்பைச் சும்மா கொப்பி பண்ணினால் திரும்பத் திறக்காமல் போகலாம்.

இனி ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, விற்பனையாளர்கள் வாயே திறக்காத விஷயம் என்பதால். சேர்வரின் மதர்போர்டில் ஒரு ரூபாக் குற்றி அளவில் சி.ஆர். 2032 என்ற பட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் மணிக்கூட்டை ஓட வைப்பது அதுதான். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது எங்கள் பக்கத்து யூ.பி.எஸ்.கள் என்ன பாடுபட்டன என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டரி செத்துப்போய், கரண்ட் போய் வந்தால், சேர்வர் பல வருடம் பின்னோக்கிய திகதியோடு எழும்பும். அன்றைய பேக்கப்பிலும் அந்தப் பழைய திகதிதான் விழும். மென்பொருளைப் பொறுத்தவரை இன்று எடுத்த பிரதிதான் எல்லாவற்றிலும் கிழடு, முதலில் துடைக்க வேண்டியது. எடுத்த கையோடு துடைத்துவிட்டு 'வெற்றிகரமாக முடிந்தது' என்று பச்சை நிறத்தில் காட்டும். இன்னொரு பக்கமும் உண்டு. யாராவது திகதியைத் திருத்தப் போய் ஆண்டைப் பத்து வருடம் முன்னே தள்ளிவிட்டால், இத்தனை நாளுக்கு மேற்பட்டதை அழி என்று வயதை வைத்துத் துடைக்கும் மென்பொருள் ஒரே இரவில் எல்லாவற்றையும் துடைத்துவிடும். 2018 டிசம்பர் வெள்ளம் மாதிரி ஒன்று வந்து அலுவலகம் வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்தாலும் இதே கதைதான்: புதிய பிரதி சேராமல், திறந்த அன்றே பழையது மட்டும் வயதாகிப் போய்விடும். ரெஸ்டிக்கில் 'நாளாந்தம் 14' என்றால் பிரதி எடுத்த நாட்களில் 14 என்றுதான் எண்ணும். இடையில் ஒரு மாதம் பூட்டியிருந்தாலும் எதுவும் போகாது. ஆகவே எண்ணிக்கையை வைத்துத் துடைப்பதா, வயதை வைத்துத் துடைப்பதா என்று கேளுங்கள். எண்ணிக்கைதான் உங்களுக்குப் பாதுகாப்பு. பட்டரியை மாற்றுங்கள், இணையத்தில் நேரத்தைச் சரிபார்க்கும் தெரிவையும் போட்டு வையுங்கள்.

இப்போது விற்பனையாளர்கள். இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்ட் பெட்டியைக் காட்டி 'இதுவே பேக்கப்' என்பார்கள். கார்பன் தாள் வைத்து எழுதும் பற்றுச்சீட்டு மாதிரித்தான் அது. மேலே பிழை என்றால் கீழேயும் பிழை. கூகுள் டிரைவில் போட்டுவிட்டேன் என்பார்கள். அங்கே குப்பைத் தொட்டிக்குப் போனது 30 நாளில் தானாக அழியும். திருட்டு லைசென்ஸ் போட்டுத் தந்து பராமரிப்புக் கட்டணமும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றிலும் மோசமானது கடவுச்சொல்லைத் தன்னிடம் வைத்துக்கொள்பவர். பூட்டிய பேக்கப்புக்குக் கடவுச்சொல் இல்லையென்றால் அந்த டிஸ்க் வெறும் இரும்பு; அடுத்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, சங்கத்தின் பெட்டகத்தில் வைத்துத் தலைவரிடமும் பொருளாளரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

மூன்று விலைமனு எடுத்துத்தானே வாங்குகிறோம் என்று சொல்வீர்கள். தெரியும். மூன்று கடிதத் தலைப்பு, ஒரே எழுத்துரு, ஒரே எழுத்துப் பிழை. கோப்பில் மூன்று தாள் இருந்தால் கணக்காய்வு திருப்தி. அந்த மென்பொருளிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா என்று எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம்கூட இல்லை. மேலிடம் மட்டும் திறமா? 2023 ஆகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல் சேர்வரில், கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரான்சம்வேர் புகுந்தபோது, மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. இணைப்பில் இருந்த பேக்கப்பும் சேர்ந்தே பூட்டுப்பட்டது. அந்தக் காலத்துக்குத் தனியே கழற்றி வைத்த பிரதி இல்லை. அமைச்சரவை அலுவலகத்துக்கே அந்த நிலை. உங்களுக்கு இரண்டு வெளி டிஸ்க் போதும். வாரம் மாறி ஒன்றைக் கழற்றி வேறு கட்டடத்தில், முடிந்தால் வவுனியாவில் அல்லது பரந்தனில் இருக்கும் ஒரு நிர்வாக உறுப்பினர் வீட்டில், வையுங்கள்.

விற்பனையாளரிடம் ஒன்று கேளுங்கள். மாதிரிக்கு மூன்று மாதம் ஓடவிட்டு, முதல் மாதப் பிரதியிலிருந்து ஒரு உறுப்பினரின் பேரேட்டை வேறு கணினியில் உங்கள் கண்முன்னே திறந்து காட்டட்டும். நிலுவை உங்கள் அச்சுப் பிரதியோடு சதம் பிசகாமல் ஒத்துப்போனால் காசைப் பற்றிப் பேசலாம். அதன் பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே அதைச் செய்து, திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

மாறிப்போன கடன் தொகைகளைப் பற்றி: கையிலிருக்கும் 14 நாள் பேக்கப்பை இன்றைக்கே வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துக் கழற்றி வையுங்கள், நாளை பதினைந்தாம் நாள், ஆகப் பழைய பிரதி போய்விடும். கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், பல மென்பொருளில் உண்டு. கார்த்திகை, மார்கழி மாத முடிவு அறிக்கைகளை யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்பியிருப்பீர்கள். உறுப்பினர்களின் பாஸ்புத்தகங்களையும் கடன் விண்ணப்பப் படிவங்களையும் எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அது முடியும்வரை அந்த சேர்வரில் புதிதாக எதையும் நிறுவ யாரையும் விட வேண்டாம்.