இந்த மாத மாத்திரை, போன மாதக் கொசுவுக்கு

கேள்வி: எங்கள் நாய்க்கு மாதாமாதம் இதயப்புழுத் தடுப்பு மாத்திரை கொடுத்து வந்தோம். வீட்டுக் கல்யாண வேலையில் இரண்டு மாதம் விட்டுப்போய்விட்டது. இப்போது மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் ஈடாகுமா?

பதில்: ஆகாது. உங்கள் மருத்துவருக்கு இன்றே போன் செய்து விட்டுப்போன தேதிகளைச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு மாத்திரையோடு மறுபடி தொடங்கச் சொல்வார்.

மாத்திரை கொடுத்துவிட்டால் அடுத்த 30 நாளுக்கு நாயைச் சுற்றி வேலி போட்ட மாதிரி என்று பலரும் நினைக்கிறார்கள். மாத மாத்திரைகள் பெரும்பாலும் அப்படி வேலை செய்வதில்லை. அவை போன மாதத்துக் கணக்கை இந்த மாதம் தீர்க்கின்றன. கடந்த 30 நாளில் கொசு கடித்து உள்ளே விட்ட இளம்புழுக்களை, அவை திசுக்களுக்குள் சின்னதாக இருக்கும்போதே கொல்கின்றன. சுமார் 50 நாள் தாண்டிவிட்டால் புழு தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போய்விடுகிறது. அதன்பின் அந்த மாத்திரையை நம்ப முடியாது. மூன்றாகக் கொடுத்தாலும் அதே கதைதான்.

தப்பிய புழு நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் குடியேறும். இதயப்புழு என்று பெயர், ஆனால் அதிகம் இருப்பது அங்கேதான். ஆறேழு மாதத்தில் முழு வளர்ச்சி. பெண் புழு 25 முதல் 30 செ.மீ. வரை நீளும், 5 முதல் 7 ஆண்டு உயிரோடு இருக்கும். ரத்தப் பரிசோதனை கண்டுபிடிப்பது வளர்ந்த பெண் புழு வெளியிடும் பொருளைத்தான். ஆகவே இப்போது ஒரு பரிசோதனை, 6 மாதம் கழித்து இன்னொன்று. முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் இனிப்பு வாங்கி வராதீர்கள். இரண்டாவதுதான் நீங்கள் மறந்த மாதங்களுக்கான தீர்ப்பு.

எனக்கும் இது நடந்தது. ஒரு நாள் கட்டிலுக்கடியில் பெருக்கும்போது மாத்திரை ஒன்று உருண்டு வந்தது. என் நாய் கருப்பாயி அதைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, நான் திரும்பியதும் துப்பியிருக்கிறாள். எந்த மாதத்து மாத்திரை என்றுகூடத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் சொல்கிற வைத்தியன் ஆறு மாதம் வயிற்றில் நெருப்போடு இருந்தேன். நல்லவேளை, ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் மாத்திரை கொடுத்தால் பத்து நிமிஷம் எதிரிலேயே உட்கார்ந்துவிடுவேன்.

நோய் வந்தபின் சிகிச்சை இல்லாமல் இல்லை. முதுகுத் தசையில் ஆழமாகப் போடும் ஊசிகள், பல மாதச் சிகிச்சை. செத்த புழுக்கள் துண்டு துண்டாகி நுரையீரலை அடைக்கக்கூடும் என்பதால் அத்தனை நாளும் நாயை ஓடவிடாமல் கட்டிக் காக்க வேண்டும். துள்ளுகிற நாயை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

கேள்வி: தெள்ளுப்பூச்சிக்குச் சொட்டு மருந்து விட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. மறுபடி பூச்சி தெரிகிறது. மருந்து போலியா?

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் வீட்டைச் சந்தேகப்படுங்கள். நாயின் மேல் நீங்கள் பார்க்கும் பூச்சிகள் மொத்தக் கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்துதான் என்று சொல்வது வழக்கம். மீதியெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் நாய் படுக்கும் துணியிலும் சோபா இடுக்கிலும் கிடக்கின்றன. கூட்டுக்குள் இருக்கும் பூச்சியிடம் எந்த மருந்தும் எளிதில் செல்லாது. மாதக்கணக்கில் காத்திருந்து, நடமாட்டத்தின் அதிர்வும் உடல் சூடும் பட்டதும் வெளியே குதிக்கும். நீங்கள் பார்த்தது அநேகமாக இந்தப் புது வரவுதான்.

படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். வாக்வம் கிளீனரால் மூலைமுடுக்கெல்லாம் உறிஞ்சுங்கள். மருந்தை மூன்று மாதமாவது விடாமல் தொடருங்கள். வீட்டில் இருக்கும் எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒரே சமயத்தில் மருந்து வேண்டும், ஆனால் நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய்ச் சொட்டு பூனையைக் கொன்றுவிடும்.

அப்புறம், நாயின் வாலடியில் அரிசி மணி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. உடம்பைக் கடிக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கியதால் வந்தது. அதற்குத் தனி மருந்து.

கேள்வி: உண்ணியைத் தீக்குச்சியால் சுட்டால் தானே விழுந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். சூடு பட்டால் உண்ணி தன் வயிற்றில் இருப்பதைக் கடித்த இடத்திலேயே கக்கக்கூடும், நாயின் தோலும் வெந்துபோகும். எண்ணெய் தடவிக் காத்திருப்பதும் வீண். நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நிதானமாக நேராக இழுங்கள். விரலால் நசுக்காதீர்கள். காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் கழுத்துப்பட்டைக்கு அடியிலும் தேடுங்கள்.

ரத்தம் குடித்துப் புடைத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் தீராததற்கு அதுதான் காரணம். விரிசலைப் பூசுங்கள். நாய் சாப்பிடாமல் சோர்ந்து, காய்ச்சலோடு ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளாதீர்கள்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை உண்ணி மாத்திரை கொடுக்கிறேன். இதயப்புழுவுக்கும் அதுவே போதும்தானே?

பதில்: போதாது. ஃப்ளூராலேனர் மட்டும் உள்ள மாத்திரை உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் கொல்லும், இதயப்புழுவைத் தொடாது. மருந்து அட்டையில் இதயப்புழுவைத் தடுக்கும் ஐவர்மெக்டின், மில்பிமைசின், மாக்ஸிடெக்டின், செலமெக்டின் இவற்றில் ஒன்று இருக்கிறதா என்று படியுங்கள். இரண்டும் கலந்த மாத்திரைகளும் உண்டு. உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் உண்ணி மாத்திரை வாங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், வேறு மருந்து எழுதுவார்.