பழைய காருக்குப் புது சஸ்பென்ஷன் புஷ் போட்டும் சில மாதத்தில் கிரீச் சத்தம் வருகிறது. டூப்ளிகேட் புஷ் காரணமா? ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் (கெட்டியான ஒரு வகை பிளாஸ்டிக்) போடலாமா?

புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம் சேசிஸோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் உருளை) மேல் பழி போடுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது உங்கள் வண்டியின் சக்கரம் தரையில் இருந்ததா, அந்தரத்தில் தொங்கியதா?

எந்த வண்டி என்று நீங்கள் எழுதவில்லை. அறுபது எழுபதுகளின் வண்டி, ஒரு ஷெட்டில் விட்டு வாங்கினீர்கள், லிஃப்டில் தூக்கி வைத்துப் புஷ் மாற்றி அங்கேயே முழுசாக முறுக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பத்துக்கு எட்டு இடத்தில் இதுதான் நடக்கிறது. அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் இதேதான் நடந்தது.

கோவையில் நல்ல பெயர் எடுத்த ஒரு ஷெட்டில்தான் விட்டிருந்தோம். பெயர் வேண்டாம். முன்பக்க மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் எல்லாவற்றுக்கும் புது புஷ். வண்டி வெளியே வந்தபோதே முன்பக்கம் தூக்கலாக நின்றது. கேட்டதற்கு, "புது ரப்பர் சார், ஓட ஓட செட் ஆயிரும்" என்றார்கள். செட் ஆகவில்லை. ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போதெல்லாம் கட்டில் முனகுவது போல ஒரு சத்தம். அப்பா வண்டியை வெளியே எடுப்பதையே நிறுத்திவிட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு சிங்காநல்லூர் பக்கம் பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு போனோம். ஹெரால்டு புது வண்டியாக ஓடிய காலத்திலேயே அதில் கை வைத்தவர். பானெட்டை முன்னால் கவிழ்த்தார் (ஹெரால்டில் மட்கார்டோடு சேர்ந்து மொத்த மூக்கும் முன்னால் சாயும், சஸ்பென்ஷன் அப்படியே கண்முன் நிற்கும்). பார்த்ததும், "தொங்கப் போட்டு முறுக்கியிருக்காங்க தம்பி" என்றார். ஒரு புஷ்ஷைக் கழற்றி என் கையில் கொடுத்தார். உள்ளே இருக்கும் இரும்புக் குழாயிலிருந்து ரப்பர் பாதி வட்டத்துக்குப் பிய்ந்து போயிருந்தது. விரலால் தேய்த்தால் கறுப்புத் தூள் கொட்டியது. வாங்கிய ரப்பரில் குறையே இல்லை.

காரணத்தை அவர் சாக்பீஸ் வைத்துக் காட்டினார். புது புஷ் போட்டு, நட்டைக் கையால் மட்டும் ஏற்றி, சக்கரம் தொங்கும்போதே ஆர்முக்கும் சேசிஸ் பிராக்கெட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டார். ஜாக்கியை இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, பம்பரை அழுத்தி விட்டபின் பார்த்தால் ஒரே கோடு இரண்டு துண்டாகி, நடுவில் அரை விரல் கனம் விலகியிருந்தது.

இந்த வகை புஷ் உராய்ந்து சுற்றுவதில்லை. உள்குழாயை போல்ட் பிராக்கெட்டோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கம் ஆர்மோடு நகரும். நடுவில் ஒட்டியிருக்கும் ரப்பர்தான் முறுக்கிக் கொடுத்து, திரும்பத் தன் நிலைக்கு வர வேண்டும். வண்டி நிற்கும் உயரத்தில் அந்த முறுக்கு பூஜ்யமாக இருந்தால் மேலேயும் கீழேயும் சமமாகப் போய் வரும். தொங்கலில் இறுக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் அந்த அரை விரல் அளவு முறுக்கிக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு பள்ளமும் அதற்கு மேல் முறுக்கும். முன்பக்கம் தூக்கி நின்றதும் அந்த ரப்பர் தள்ளியதால்தான். கிழிந்ததும் உயரம் இறங்கும். "செட் ஆயிருச்சு" என்று ஷெட்டில் சொல்வது அதைத்தான்.

அதனால் முதலில் போல்ட்டைத் தளர்வாக விட்டு சக்கரத்தை மாட்டுங்கள். வண்டியைத் தரைக்கு இறக்கி, கொஞ்சம் உருட்டி, அழுத்தி விடுங்கள். உருட்டாமல் விட்டால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டியை உயரத்திலேயே நிறுத்திவிடும். முன் சீட்டில் இரண்டு பேரை உட்கார வையுங்கள். அதன்பின் பிட்டில் இறங்கி, உங்கள் வண்டியின் மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) இறுக்குங்கள். ஹெரால்டின் பின்பக்க ரேடியஸ் ஆர்முக்கும் (பின்சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் தண்டு) இதே முறைதான்.

புஷ்ஷை உள்ளே ஏற்ற சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் இன்ஜின் ஆயிலும் ரப்பரை உப்ப வைத்துவிடும். பிரஸ்ஸில் தள்ளும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும்.

"முப்பது வருஷமா தூக்கி வெச்சுத்தான் முறுக்கறேன், ஒண்ணும் ஆகல" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: நான் மெக்கானிக் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிய்ந்த ரப்பரைக் கையில் வாங்கிப் பார்த்தவன். பாலியூரிதேன் புஷ்ஷில் குழாய் உள்ளே வழுக்கிச் சுற்றும் என்பதால் அதற்கு இந்தக் கட்டாயம் அவ்வளவு இல்லை, அதுவும் தெரியும். ஆனால் அதற்கு அதற்கென்றே உள்ள கிரீஸ் வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் கத்தும். சாலையின் அதிர்வும் கூடுதலாக ஸ்டீயரிங்குக்கு வரும். அப்பா வண்டிக்கு நான் ரப்பர்தான் போட்டேன்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பழைய கார் கண்காட்சிக்கு ஹெரால்டைக் கொண்டு போனால், "இது எந்த ஊர் வண்டிங்க, இம்போர்ட்டா?" என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். அம்பாசிடரும் ஃபியட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. 1961-லிருந்து சென்னையை ஒட்டிய வண்டலூரில் செய்த வண்டி இது. ஜியோவானி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர் வரைந்த உடம்பு, 948 சிசி இன்ஜின். நான்கு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறெங்கும் கிடையாது, இங்கே மட்டும்தான் செய்தார்கள். நம் ஊரில் செய்ததை நாமே மறந்துவிட்டு வெளியூர் வண்டி என்று கேட்பதைத் தாங்க முடியவில்லை. உதிரி பாகம் கிடைக்காமல் எத்தனை ஹெரால்டு காயலான் கடைக்குப் போனது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புஷ் சில மாதப் புதுசுதான், பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டாகத் தளர்த்துங்கள். ஆர்ம் சட்டென்று அசைந்து கொடுத்து வண்டி சற்று இறங்கினால் ரப்பர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அப்படியே திரும்ப இறுக்கிவிடலாம். அசைவே இல்லாமல் கறுப்புத் தூள் மட்டும் தெரிந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். வீல் அலைன்மென்ட் இதெல்லாம் முடிந்த பிறகுதான். ஏற்கெனவே செய்திருந்தாலும் மறுபடி செய்துவிடுங்கள்.