கரண்ட் போன இரவும் காலையில் போட்ட ஊசியும்

மட்டக்களப்பு படுவான்கரையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மழையோடு இரவு 9 மணிக்குப் போன கரண்ட் காலை 7 மணிக்குத்தான் வந்தது. அன்றே கிளினிக்கில் மகனுக்கு 4 மாத ஊசி போட்டார்கள். காய்ச்சல் இல்லை, தொடையும் வீங்கவில்லை. மருந்து பழுதாகியிருக்குமோ, திரும்பப் போட வேண்டுமோ?"

தங்கச்சி, காய்ச்சல் வராததை வைத்து ஊசி பிழை என்று நினைக்க வேண்டாம். எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒன்றுமே வருவதில்லை, ஆனால் ஊசி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

சரி, கரண்ட் விஷயம். தடுப்பூசியை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். அதற்கென்றே செய்த பிரிட்ஜில் சுவரைச் சுற்றி ஐஸ் உறைந்து நிற்கும். திறந்து மூடாமல் விட்டால், நம்முடைய கச்சான் காற்று வீசும் வெக்கையிலும் 20 மணித்தியாலத்துக்குக் குறையாமல் குளிரைப் பிடித்து வைக்கும் தரத்தில்தான் அதைச் செய்கிறார்கள், அதனால் உங்கள் 10 மணித்தியாலம் எனக்குப் பெரிய பயமில்லை. வீட்டுப் பிரிட்ஜ் அப்படியில்லை, கரண்ட் போனால் சீக்கிரமே சூடேறிவிடும். அப்புறம், மகனுக்கு அன்று வாயில் விட்ட போலியோ சொட்டு இருக்கிறதே, அதுதான் சூட்டை ஆகவே தாங்காதது. அதன் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் பாவிக்கலாம், இரண்டும் ஒரே நிறமானாலோ சதுரம் இன்னும் கறுத்தாலோ எறிந்துவிட வேண்டியதுதான். அடுத்த முறை குடும்பநல மாதுவிடம் "மிஸ், ஒருக்கா காட்டுங்களேன்" என்று கேளுங்கள், அதில் கோபிக்க ஒன்றும் இல்லை.

உண்மையில் எனக்குச் சூட்டைவிட ஐஸ்தான் பயம். தொடையில் போட்ட பென்டாவலன்ட், அதாவது ஐந்து நோய்க்கான ஒரே ஊசி, ஒருமுறை உறைந்தால் அவ்வளவுதான், உருகிய பிறகு பார்வைக்கு நல்ல மருந்து மாதிரியே இருக்கும், ஆனால் பலன் போயிருக்கும், அந்தச் சதுரமும் இதைக் காட்டாது. நான் புதிதாக வேலைக்குப் போன இடமொன்றில் யாரோ குப்பிகளைப் பிரிட்ஜின் பின்சுவரோடு ஒட்டி அடுக்கிவிட்டார்கள். சந்தேகத்தில் ஒன்றை எடுத்துக் குலுக்கி, உறையாத நல்ல குப்பி ஒன்றுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தோம். நல்லது பால் கலங்கிய தண்ணீர் மாதிரி அப்படியே நின்றது, மற்றதில் கொஞ்ச நேரத்திலேயே துகள் துகளாக அடியில் படிந்து மேலே தெளிந்த தண்ணீர். அந்த அடுக்கு முழுவதையும் எறிந்தோம், மனம் கேட்கவில்லைதான்.

கிளினிக்குக்குக் கொண்டுபோகும் பெட்டியிலும் இதே ஆபத்து உண்டு. தண்ணீர் அடைத்த ஐஸ் பாக்கை உறைந்தபடியே உள்ளே வைக்கக் கூடாது, வெளியே வைத்து அது வியர்த்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சளசளக்க வேண்டும், அப்போதுதான் குப்பிக்குப் பக்கத்தில் வைக்கலாம். காலையில் கிளினிக் தொடங்கப் பிந்தினால் சில நேரம் காரணம் இதுதான், திட்டாதீர்கள்.

பிரிட்ஜின் வெப்பநிலையைத் தினமும் இரண்டு தரம் எழுதி வைப்பார்கள். நீங்கள் போய் அன்றைய கணக்கைக் கேட்டு, 2க்கும் 8க்கும் இடையில் நின்றிருந்தால், திரும்பப் போட ஒன்றுமில்லை. எங்காவது பிசகியிருந்தால் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பார்த்து முடிவெடுப்பார், இன்னொரு தடவை போடச் சொன்னாலும் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. 6 மாத ஊசியைப் பிந்த விடாமல், ஊசி விவரம் எழுதும் பிள்ளையின் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.