இந்திய ஹொக்கி வீரர் தியான் சந்த் பற்றித் திருகோணமலை முதியவர்கள் இன்னமும் பேசுவது ஏன்?

அவர் இலங்கை மண்ணிலும் ஆடியவர். 1932இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் இந்திய ஹொக்கி அணி கொழும்பில் இறங்கி விளையாடியது.

ஆனால் என் அம்மப்பாவுக்கு எல்லாமே 1936 பெர்லின் இறுதிப் போட்டிதான். டச்பே கடற்கரை மணலில் ஊன்றுகோலைத் தலைகீழாகப் பிடித்து ஆடியே காட்டுவார். மழையில் ஊறிய திடல். இடைவேளையில் இந்தியாவுக்கு வெறும் 1-0 முன்னிலை. ஆணி வைத்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இறப்பர் அடிச் சப்பாத்துடன் இறங்கினார் தியான் சந்த். ஜேர்மனி 8-1 எனத் தோற்றது. அந்த இடத்தில் அம்மப்பாவின் குரல் இன்றும் தழுதழுக்கும்.

தியான் சந்தின் மட்டையில் பந்து ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். அது மாயமல்ல, பயிற்சி. இராணுவத்தில் இருந்தபோது நிலவு வெளிச்சத்தில் பழகியதால்தான் தியான் சிங், 'சந்த்' ஆனார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஹிந்தியில் சந்த் என்றால் நிலவு.