'ஹயர்' என்றால் வாடகையா, வேலையா?
தங்கச்சி, கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைக் கடிதத்தில் உங்களை 'ஹயர்' செய்ததாக இருக்கிறது, அப்படியென்றால் தற்காலிக வேலையா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். பரந்தன் சந்தியில் ஓட்டோக்காரர் "முரசுமோட்டைக்கு ஒரு ஹயர் இருக்கு" என்றால் அது வாடகை ஓட்டம். உழவு இயந்திரத்தை ஹயருக்கு எடுத்தாலும் வேலை முடியத் திருப்பிக் கொடுக்கிறோம். ஆளைப் பற்றிச் சொன்னால் வேலைக்கு எடுத்துவிட்டார்கள் என்றுதான் பொருள். எவ்வளவு காலத்துக்கு என்பதை அந்தச் சொல் சொல்லாது.

அதனால் கடிதத்தில் 'பேர்மனன்ட்' (நிரந்தரம்), 'கொன்ட்ராக்ட்' (ஒப்பந்தம்), 'ப்ரொபேஷன்' (தகுதிகாண் காலம்) எது இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஓய்வுக்காலத்துக்குச் சேரும் ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்) பற்றி இருக்கிறதா என்றும் பாருங்கள்: உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிப்பார்கள், முதலாளி 12 வீதம் போடவேண்டும். கொன்ட்ராக்ட் என்றாலும் அது உங்கள் உரிமை. எழுதியிருக்காவிட்டால் கையெழுத்து வைக்க முதல் கேளுங்கள்.